பனிக்கட்டியின் மேல் உமித்தீ

பிப்ரவரி மாதம் காலை எட்டு மணிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம் உப்பளத்து வரப்பில் நின்றால் கண் கூசும். பாத்திகளில் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள், உப்பு இன்னும் பூத்திருக்காது. கணுக்கால் அளவுகூட இல்லாத அந்தத் தண்ணீரில் ஓரிடத்தில் நிற்காமல் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும் கொசு உள்ளான் என்ற சின்னப் பறவைகள். முழுதாக வளர்ந்தாலும் எடை 25 கிராம் பக்கம்தான், ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவு. அவற்றின் நடுவே கொஞ்சம் பெரிய உடம்பும் கீழ்நோக்கி வளைந்த அலகுமாக வளைமூக்கு உள்ளான்கள் நிற்கும். வரப்பின் மேல் தனித்தனியாக, யாருடனும் ஒட்டாத முகத்தோடு பொன்னிற உப்புக்கொத்தி.

வரப்பு மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இந்தக் குருவிகள் பிறந்த ஊர் சைபீரியாவின் வடக்கு ஓரம் என்று சொன்னேன். அங்கே இப்போதெல்லாம் கோடையில் நிலம் தீப்பிடித்து எரிகிறது என்றும் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்: "பனி கெடக்குற எடத்துல தீ எப்படி மக்கா பிடிக்கும்?"

"பாட்டா, அது கொஞ்சம் பெரிய கதை" என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துவிட்டேன். கதையை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நம் ஊரில் குளத்துக்கு வரும் எல்லாப் பறவைக்கும் 'சைபீரியப் பறவை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். சுசீந்திரம் குளத்திலும் தேரூர் குளத்திலும் நிற்கும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் சைபீரியாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மணக்குடி காயலிலும் உப்பளங்களிலும் சேற்றைக் கிளறும் இந்தச் சின்ன உள்ளான்களும் சில உப்புக்கொத்திகளும்தான் ஆர்க்டிக்கின் மரமில்லாத வெளியில் முட்டை இடுகின்றன. பள்ளிப் புவியியல் பாடத்தில் 'தூந்திரம்' என்று படித்தோமே, அதே இடம். வட ஐரோப்பாவின் சாமி என்ற பழங்குடி மக்கள் (நம் சாமித்தோப்புச் சாமி இல்லை) மரமற்ற மேட்டுநிலத்துக்கு வைத்திருந்த சொல்தான் ரஷ்ய மொழி வழியாக உலகமெங்கும் போனது.

தூந்திரம் என்றதும் மனதில் வருவது பனிப்பாலைவனம். அது பாதி உண்மை. அலாஸ்காவின் வடக்குச் சரிவு போன்ற இடங்களில் ஆண்டு முழுக்க விழும் மழையும் பனியும் சேர்ந்தே 250 மில்லிமீட்டர் பக்கம்தான். நம் மாவட்டத்தில் ஒரு நல்ல ஐப்பசி மாதம் அதைக் கொட்டிவிடும். ஆனால் கோடையில் தூந்திரத்தில் கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும். குட்டைகளும் ஏரிகளும் சேறும் கொசுவும். பாலைவனத்தின் மழை, சதுப்புநிலத்தின் ஈரம். இந்த முரணுக்குக் காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது.

மீன் துறைமுகங்களில் ஐஸ் கட்டி வாங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய நாளில் பனிக்கட்டியை உமியிலோ மரத்தூளிலோ புதைத்து, மேலே சாக்கு போட்டு வைப்பார்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே கட்டி உருகாமல் கிடக்கும். தூந்திரமும் ஏறக்குறைய அப்படித்தான். அடியில் கிடப்பது ஆண்டுக்கணக்கில், பல இடங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாக, உருகாத உறைமண். சில இடங்களில் அதன் ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர். அதற்கு மேல், கோடையில் மட்டும் இளகும் ஒரு மெல்லிய அடுக்கு, பெரும்பாலும் ஒரு முழத்திலிருந்து இரண்டு முழம். செடிகளின் வேர் எல்லாம் அந்த அடுக்குக்குள்தான். அதற்கும் மேலே பாசி, அதன் கீழே பாதி மக்கிய தழையும் வேரும் சேர்ந்த, பஞ்சு மெத்தை போன்ற பீட் மண். இதுதான் அந்த ஊர் உமி. இளகிய நீர் கீழே இறங்க முடியாமல் உறைமண் தடுப்பதால்தான் மேலே சேறு. கோடை வெப்பம் உறைமண்ணுக்குள் இறங்காமல் தடுப்பது இந்தப் பாசி மெத்தை.

குளிரில் எதுவும் முழுதாக மக்காது. அதனால் செத்த செடிகளின் கரிமம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கிறது. வடதுருவத்தைச் சுற்றியுள்ள உறைமண் நாடு முழுக்கச் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டன் என்பது கணக்கு. இப்போது காற்றுமண்டலத்தில் இருக்கும் கரிமத்தைப்போல் இரண்டு மடங்கு.

சரி, இனி தீக்கு வருவோம்.

ஐஸ் கட்டியைக் காக்கும் உமிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எரியும். சுடர் விட்டு எரியாது. கனன்று, புகைந்து, மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் பரவும். உமித்தீ என்று தனியாகச் சொல்கிறோமே, அதுதான். தூந்திரத்தின் போர்வையே அதன் விறகாகவும் இருக்கிறது. இவ்வளவு காலம் அது எரியாமல் இருந்ததற்குக் காரணம் ஈரமும் குளிரும் மட்டுமே. இரண்டும் இப்போது குறைகின்றன.

1979-க்குப் பிறகான அளவீடுகளைப் பார்த்தால், ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வெள்ளையான பனியும் கடற்பனியும் வெயிலைத் திருப்பி அனுப்பும். அவை போய்க் கருநீரும் கருமண்ணும் வெளிப்பட்டால் அதே வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். வேகத்துக்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. 2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் நகரில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்குள் அதுவரை பதிவானதில் மிக அதிகமான வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு அடுத்த ஆண்டு உறுதிசெய்தது. நாகர்கோவிலில் சித்திரை வெயிலில் 38 என்றாலே நாம் புலம்புவோம். வெர்கோயான்ஸ்க்கில் குளிர்காலத்தில் மைனஸ் 60-க்கும் கீழே போனதுண்டு.

வெப்பத்தோடு இடியும் மின்னலும் வருகின்றன. நமக்கு மின்னல் சாதாரணம். துருவத்தை ஒட்டிய குளிர்காற்றில் இடிமேகம் திரள்வது அரிது. 2019 ஆகஸ்டில் வடதுருவத்திலிருந்து 500 கிலோமீட்டருக்குள்ளேயே மின்னல்கள் பதிவானபோது வானிலைக்காரர்கள் அதைத் தனியாகக் குறித்துவைத்தார்கள். மனிதர் யாரும் பீடித் துண்டு எறியாத ஊரில் தீ பற்ற வேண்டும் என்றால் மின்னல்தான் வழி.

தூந்திரத் தீ பற்றிப் பேசும் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அனக்டுவுக் ஆறு. அலாஸ்காவின் வடக்குச் சரிவில் இருக்கிறது. 2007 ஜூலை நடுவில் ஒரு மின்னல் அங்கே தீயை மூட்டியது. அந்தக் கோடை வழக்கத்துக்கு மாறாகச் சூடு, வழக்கத்துக்கு மாறாக வறட்சி. பல வாரம் தீ சின்னதாகவே புகைந்துகொண்டிருந்தது. சாதாரணமாக ஆகஸ்டிலேயே ஈரம் வந்து அணைத்துவிடும். அந்த ஆண்டு வரவில்லை. செப்டம்பரில் காற்று எழுந்ததும் தீ ஓட ஆரம்பித்தது. அக்டோபரில் பனி விழுந்த பிறகுதான் அடங்கியது. எரிந்த பரப்பு 1,039 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர்தான். அதாவது ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் உள்ள மாவட்டத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல்.

பிறகு அங்கே ஏரிகளின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுத்து, கரித்துகள் படிந்த அடுக்குகளைத் தேடினார்கள். அப்படி ஒரு தீ நடந்ததற்கான தடயம் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு இல்லை. இதையும் சொல்லவேண்டும்: இன்னும் ஆழமான அடுக்குகளில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்தில், குட்டை பர்ச் புதர்கள் மண்டிக்கிடந்தபோது அலாஸ்காவின் அந்தப் பக்கம் அடிக்கடி எரிந்திருக்கிறது. தூந்திரம் எரியவே எரியாது என்பது தவறு. புதர் கூடினால் எரியும் என்பதுதான் அந்தச் சேறு சொல்லும் சேதி. இந்தப் புதர் விஷயத்துக்குத் திரும்ப வருவேன்.

எரிந்ததில் பெரும்பகுதி செடி இல்லை, மண். சராசரியாக ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பீட் மண்ணே எரிந்து போயிருந்தது. காற்றில் கலந்த கரிமம் ஏறக்குறைய 21 லட்சம் டன். சதுர மீட்டருக்கு 2 கிலோ. இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் உலகத்துத் தூந்திரம் முழுவதும் சேர்ந்து ஓர் ஆண்டில் உள்ளே இழுத்து வைத்ததாக மதிப்பிட்ட கரிமத்துக்கு இது சமமானது. ஒரே ஒரு தீ.

நம் மலையடிவாரத்தில் மாசி, பங்குனியில் புல் எரிவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடாது. குலசேகரம் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும்போது தீ ஓடினாலும் ஓடுவது சருகின் மேல்தான். மண் எரியாது. ஒரு கோடை மழை பெய்தால் பச்சை எட்டிப்பார்க்கும். தூந்திரத்தில் எரிவது சருகு, மெத்தை, மண் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒன்று. அடியில் இருக்கும் பனிக்கட்டிக்குப் போர்வை போய்விடுகிறது.

அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும் பகுதி.

முதல் ஆண்டு வெளியே பார்த்தால் கருப்பு. கருப்பு நிலம் வெயிலைக் குடிக்கும். காக்கும் பாசி மெலிந்துவிட்டது. அதனால் கோடையில் இளகும் அடுக்கு முன்பைவிட ஆழமாக இறங்குகிறது. உறைமண் என்றால் வெறும் மண் உறைந்தது என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் அதற்குள் ஆப்பு ஆப்பாகத் தூய பனிக்கட்டி செருகியிருக்கும். அது உருகினால் அந்த அளவுக்கு நிலம் உள்ளே அமிழ்ந்துவிடும். அனக்டுவுக்கில் தீக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்தார்கள். எரிந்த நிலத்தில் ஆய்வுக்கு எடுத்த பகுதியில் 34 சதவீதம் அமிழ்ந்திருந்தது. பக்கத்தில் எரியாத அதே வகை நிலத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தீ அணைந்து ஏழு ஆண்டுக்குப் பிறகும் நிலம் சரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் இன்னும் சூட்டைப் பிடித்துக் கீழே கடத்தும், பள்ளம் இன்னும் ஆழமாகும்.

ஆனால் தூரத்தில் நின்று, அல்லது செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரித் தெரியும். சில ஆண்டுகளிலேயே பச்சை திரும்பிவிடுகிறது. காரணம் பஞ்சுப்புல் என்ற கோரை இனம். கொத்துக்கொத்தாக மேடு கட்டி வளரும். அதன் குருத்து அந்த மேட்டுக்குள்ளே பத்திரமாக இருப்பதால் மேலே எரிந்தாலும் அடுத்த கோடையில் துளிர்த்துவிடும். எரிந்த சாம்பலின் சத்தும், சூடான மண்ணும் அதற்கு நல்ல தீனி. கருகிய வெளியெங்கும் வெள்ளைப் பஞ்சு பூத்து நிற்கும். படத்தில் பார்த்தால் 'அட, எல்லாம் சரியாகிவிட்டதே' என்று தோன்றும். பச்சையை மட்டும் அளந்தால் உண்மையிலேயே சரியாகிவிட்டது.

திரும்பி வராதது பச்சையில் கணக்கில் வராத ஒன்று: லைக்கன். நம் சமையலறையில் பிரியாணிக்குப் போடும் கல்பாசி இருக்கிறதே, அது ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர். தூந்திரத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில், பவளம்போல் கிளைத்து, தரையை மூடி வளரும் வகைகள் உண்டு. அதற்கு வேர் கிடையாது. காற்றின் ஈரத்தையே குடிக்கும். காய்ந்தால் அப்பளம்போல் நொறுங்கும், தீயில் காகிதம்போல் போகும். வளர்ச்சியோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அலாஸ்காவின் சீவர்ட் தீபகற்பத்தில் 1977-ல் எரிந்த ஒரு குன்றுச் சரிவை 24 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, புல்லும் வில்லோ புதரும் முன்பைவிட அதிகமாகவே இருந்தன. லைக்கன் அநேகமாகத் திரும்பியிருக்கவில்லை.

புதர் கதைக்கு வருகிறேன். தீ இல்லாமலே, வெறும் வெப்பத்தாலேயே தூந்திரத்தில் புதர் கூடுகிறது. முழங்கால் உயரத்துக்குக்கூட வராத பர்ச்சும் வில்லோவும் ஆல்டரும் இப்போது ஆள் உயரத்துக்கு எழும்பும் இடங்கள் இருக்கின்றன. புதர் எழுந்தால் குளிர்காலப் பனியைத் தன் அடியில் பிடித்து வைக்கும். அந்தப் பனி கம்பளிபோல் மண்ணைச் சூடாக வைக்கும். வசந்தத்தில் அதன் கிளை வெள்ளைப் பனிக்கு மேலே கருப்பாக நீட்டிக்கொண்டு வெயிலை வாங்கும். தீயோ, பாசி மூடியிருந்த தரையைத் திறந்துவிட்டு, புதர் விதை முளைக்க இடம் பண்ணிக் கொடுக்கும். புதர் கூடினால் விறகு கூடும். விறகு கூடினால் அடுத்த தீக்கு வசதி. ஏரிச்சேற்றில் பார்த்த பழைய கதை திரும்புகிறதோ என்ற சந்தேகம் இங்கேதான் எழுகிறது.

விலங்குகளில் இந்த மாற்றத்தால் ஆதாயம் அடைபவையும் உண்டு, இதை மறைக்க வேண்டியதில்லை. வில்லோ தழையைத் தின்னும் மூஸ் என்ற பெரிய மான் வடக்கே நகர்கிறது. மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவரும் தூந்திரத்துக்குள் வந்துவிட்டது. அலாஸ்காவின் ஆர்க்டிக் பகுதியில் செயற்கைக்கோள் படங்களில் 11,000-க்கும் மேற்பட்ட பீவர் குளங்களை எண்ணினார்கள். பெரும்பாலான இடங்களில் 2003-லிருந்து எண்ணிக்கை இரட்டித்திருக்கிறது. ஒவ்வொரு குளமும் தனக்கு அடியில் இருக்கும் உறைமண்ணை இளக்கும். செந்நரியும் வடக்கே ஏறி, அதைவிடச் சிறிய பனிநரியின் இடத்தைப் பிடிக்கிறது.

இழப்பவற்றில் முதலாவது கரிபூ. ஐரோப்பா, ஆசியப் பக்கம் பனிமான் என்று சொல்வதும் இதே இனம்தான். குளிர்காலம் முழுக்கப் பனியைக் குளம்பால் பறித்து அடியில் இருக்கும் லைக்கனைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருக்கும் விலங்கு. எரிந்த இடத்தில் பறித்தால் என்ன கிடைக்கும்? மேற்கு அலாஸ்காவில் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தபோது, அரை நூற்றாண்டுக்குள் எரிந்த இடங்களைக் கரிபூக்கள் குளிர்காலத்தில் தவிர்ப்பது தெரிந்தது. அந்தப் பெரிய மந்தையில் 2003-ல் ஏறக்குறைய 4,90,000 விலங்குகள் இருந்தன. 2023 கணக்கெடுப்பில் 1,52,000. உலகம் முழுக்கத் தூந்திரக் கரிபூவும் காட்டுப் பனிமானும் இரண்டு பத்தாண்டுகளில் 47 லட்சத்திலிருந்து 21 லட்சமாகக் குறைந்தன என்று 2018-ல் வெளிவந்த ஆர்க்டிக் அறிக்கை சொன்னது.

இந்தச் சரிவு முழுவதையும் தீயின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கரிபூ மந்தைகள் பல பத்தாண்டு இடைவெளியில் இயல்பாகவே ஏறி இறங்கும். அப்புறம், தீயைவிட உடனடியாகக் கொல்லும் இன்னொன்று இருக்கிறது: தப்பான காலத்து மழை. குளிர்காலத்தில் மழை பெய்து, பனிமேல் விழுந்து, மறுபடி உறைந்தால் லைக்கனுக்கு மேலே கண்ணாடிபோல் ஒரு ஓடு உருவாகிவிடும். குளம்பால் உடைக்க முடியாது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் அப்படி நடந்து, நெனெத்ஸ் மேய்ப்பர்களின் 61,000 பனிமான்கள் பட்டினியில் செத்தன. தீவனம் கண்முன்னே, கண்ணாடிக்கு அடியில்.

அதே கண்ணாடி ஓடுதான் நம் உப்பளத்துக்கு வழி காட்டுகிறது. எப்படி என்று கேட்டால், ஒரு எலி வழியாக.

லெம்மிங் என்பது தூந்திரத்தின் குண்டு எலி. குளிர்காலத்தில் பனிக்கும் தரைக்கும் இடையில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் வளை போட்டுப் பாசியைத் தின்று வாழும், அங்கேயே குட்டியும் போடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை பொங்கி, பிறகு சரியும். பொங்கும் ஆண்டில் பனிநரிக்கு வயிறு நிறைய லெம்மிங். அது குருவிக் கூட்டைத் தேடி அலையாது. சரியும் ஆண்டில் நரியின் கண் தரையில் கூடு கட்டும் உள்ளான்களின் முட்டைமேலும் குஞ்சுமேலும் போகும். சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளானின் கதையில் இது வெகுநாளாகத் தெரிந்த விஷயம்: லெம்மிங் நல்ல ஆண்டில், தெற்கே வரும் கூட்டத்தில் இளம்பறவைகள் நிறைய இருக்கும். மோசமான ஆண்டில் அநேகமாக இருக்காது. ஆகஸ்டில் முதலில் வருவது பெரியவை, குஞ்சுகள் பின்னால் தனியாக வரும். ஆக, புரட்டாசியில் தெற்கே வந்திறங்கும் இளம் வளைமூக்கு உள்ளான்களில் எத்தனை தேறும் என்பதில் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எலிக்கும் பங்கு உண்டு.

குளிர்காலம் இளகி, பனி ஈரமாகி உறைந்தால், லெம்மிங்கின் அந்த இடைவெளி அடைபடுகிறது. நார்வேயிலும் கிரீன்லாந்திலும் லெம்மிங் பொங்குவது நின்று, பல ஆண்டுகள் தாளமே தவறிப்போனதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இன்னொரு கோளாறு நேரம் சார்ந்தது. உள்ளான் குஞ்சு முட்டையிலிருந்து வந்த உடனே தானே பூச்சி பிடித்துத் தின்ன வேண்டும், தாய் ஊட்டாது. தூந்திரத்தில் பூச்சி பெருகுவது சில வாரம் மட்டும். பனி முன்கூட்டியே உருகினால் பூச்சியும் முன்கூட்டியே வந்து போய்விடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே நிற்கும் தாய்ப்பறவைக்கு அந்தச் சேதி எப்படித் தெரியும்? வளைமூக்கு உள்ளானின் நெருங்கிய உறவான 'நாட்' என்ற பறவையில் இதன் விளைவை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தைமிரில் பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்தவை உடம்பு சிறுத்து, அலகு குட்டையாக இருந்தன. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் மொரித்தானியாக் கடற்கரையில் நல்ல சிப்பி சேற்றின் ஆழத்தில் இருக்கிறது. குட்டை அலகுக்கு அது எட்டவில்லை. சத்துக் குறைந்த தீனியோடு நிறுத்திக்கொண்டு, பலவும் முதல் ஆண்டிலேயே செத்தன. வடக்கே நடந்த தவறுக்குத் தெற்கே கணக்குத் தீர்க்கப்பட்டது. நம் சேற்றில் யாரும் அப்படி அலகு அளந்து பார்த்ததாக நான் படித்ததில்லை. பார்த்தால் நல்லது.

இதில் தீயின் பங்கு? நேரடியாகக் கூடு எரிவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பெரிய தீக்கள் பெரும்பாலும் குஞ்சு பறக்க ஆரம்பிக்கும் காலத்திலோ அதற்குப் பிறகோதான் விரிகின்றன. கூடு கட்டும் இடத்தின் இயல்பை மாற்றுவதில்தான் அதன் வேலை. பொன்னிற உப்புக்கொத்தி திறந்த, உலர்ந்த மேட்டில் ஒரு சின்னக் குழி பறித்து, லைக்கனைப் பரப்பி முட்டையிடும். முட்டையும் பறவையும் லைக்கனின் புள்ளிக்கோலத்தில் கலந்து காணாமல் போகும். சுற்றிலும் பார்வை எட்ட வேண்டும், நரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். அங்கே இடுப்பளவு புதர் வந்தால் அது அதன் வீடு இல்லை.

எண்கள் ஏற்கெனவே நன்றாக இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை, ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்து இங்கே வரும் கரைப்பறவைகள் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. 2024-ல் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அழிவுக்கு ஆளாகக்கூடியவை' என்ற பட்டியலுக்கு ஏற்றியது. 'சைபீரியா எரிந்தது, அதனால் புத்தளத்தில் குருவி இல்லை' என்று ஒரே வரியில் எழுதிவிட ஆசைதான். ஆனால் வழியில் மஞ்சள் கடல் போன்ற இடங்களில் சேற்றுவெளிகளையே நிரத்தியிருக்கிறார்கள். வந்து சேரும் ஊரிலும் நாம் சும்மா இல்லை. சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பெருமைக்கு அடுத்த வாரமே குளக்கரையில் குப்பை கொட்ட நமக்குக் கூச்சம் இல்லை. உள்ளானுக்கு மூன்று இடமும் வேண்டும்: பிறக்க, நிற்க, தின்ன. மூன்றில் எது அறுந்தாலும் சங்கிலி அறும். தூந்திரம் அதில் ஒன்று.

தீ எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு கணக்கு. சைபீரியாவின் ஆர்க்டிக் பகுதியில், லார்ச் காட்டையும் சேர்த்து, 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 47 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. கேரளத்தைவிடப் பெரிய பரப்பு. 1982-லிருந்து 2020 வரை அங்கே எரிந்த மொத்தப் பரப்பில் இது 44 சதவீதம். வடதுருவத்தைச் சுற்றியுள்ள உறைமண் நாட்டில் காட்டுத்தீயால் வெளியாகும் கரிமம் 2003-லிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 20 கோடி டன்னைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் ஆர்க்டிக் அறிக்கை 2024-ல் ஒரு வரி எழுதியது: தீயையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், தூந்திரம் இப்போது கரிமத்தைச் சேமிக்கும் இடமாக இல்லை, வெளியே விடும் இடமாகிவிட்டது. பல்லாயிரம் ஆண்டு உண்டியல்.

கடைசியாகப் பெரியவரின் கேள்விக்கு இன்னொரு பாதி பதில். பனி கிடக்கிற இடத்தில் தீ பிடிப்பது இருக்கட்டும், பனிக்கு அடியிலேயே தீ கிடக்கும். கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியலில் தீ விழுந்தால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரியும். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்தாயிற்று என்று போவோம். இரண்டு நாள் கழித்துக் குவியலின் மறுபக்கத்தில் புகை வரும். பீட் மண்ணிலும் அப்படித்தான். இலையுதிர்காலத்தில் பனி விழுந்து தீ அணைந்ததுபோல் தெரியும். அடியில், காற்று அதிகம் இல்லாத ஆழத்தில், மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். வசந்தத்தில் பனி உருகியதும், எந்த மின்னலும் இல்லாமல், போன ஆண்டு எரிந்த இடத்தின் ஓரத்திலேயே புகை கிளம்பும். அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும் 2002 முதல் 2018 வரை இப்படிக் குளிர்காலத்தைத் தாண்டிய தீக்களைத் தேடிப் பார்த்தார்கள். மொத்தத்தில் எரிந்த பரப்பில் அவற்றின் பங்கு 0.8 சதவீதம்தான், ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மட்டும் 38 சதவீதம். சூடான, பெரிய தீ நடந்த கோடைகளுக்குப் பிறகே இது அதிகம் நடந்திருக்கிறது.

ஏப்ரல் நடுவில் உப்பளத்துக்கு மறுபடி போனேன். பாத்திகளில் உப்பு பூத்து, ஓரங்களில் வாரிக் குவித்திருந்தார்கள். வளைமூக்கு உள்ளான்களில் பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தன. குளிர்காலம் முழுக்க வெளுப்பாக இருந்த மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. தூந்திரத்துக்குப் போகும் உடுப்பு அது. விடாமல் தின்றுகொண்டிருந்தன, பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க வேண்டும். இன்னும் சில நாளில் கிளம்பிவிடும். ஜூன் தொடக்கத்தில் அங்கே போய் இறங்கும்போது பனி உருகிக்கொண்டிருக்கும். பெரியவரிடம் உமித்தீ, கதம்பைத்தீ எல்லாம் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "அப்போ இதுக போய்ச் சேருகப்போ அங்கே பொகஞ்சிட்டுதான் இருக்குமா?" என்றார். சில இடங்களில் இருக்கலாம் பாட்டா என்றேன். அவர் உப்பு வாரப் போய்விட்டார்.